எத்தனை கொடை கண்டாள்

வேலூர்,
12-1-1954

உலகம்மை அக்காளுக்கு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததுமே நீ கடிதத்தை அடுப்பில் போட்டுவிடுவாய் என்று தெரியும். அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இது பகவதியைப் பற்றி. உன் மகளுக்காகக் கடைசிவரை படி, பிறகு அடுப்பில் போடு.

நான் இங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையில் உதவியாளனாக இருக்கிறேன். இது ஆறாவது வருஷம். நெஞ்சுக்குள் இருப்பதைப் படம் பிடித்துக் கழுவிக் காயவைத்து டாக்டரிடம் கொடுப்பது என் வேலை. போன மாதம் சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். பத்து வயது, பகவதி வயதுதான். படத்துக்காக அவள் தோளைப் பிடித்து நிறுத்தினேன். என் கை அவள் இடது காறை எலும்புக்குக் கீழே பட்டது. அக்கா, நான் கையை உதறிவிட்டேன். அம்மை உள்ளே இருந்து அடிக்கிற 'உள்ளுடுக்கை' என்று நம் வீட்டில் சொல்வோமே, நம் தங்கை மீனாட்சிக்கு இருந்ததே, பகவதிக்கு முதல் கொடைத் திருவிழாவில் நீ தொட்டுப் பார்த்துக் குலவையிட்டாயே, அதேதான். பூனை மடியில் படுத்துக்கொண்டு உறுமுகிற மாதிரி. சித்தூர்ப் பிள்ளைக்கும் நம் குலத்துக்கும் என்ன உறவு? அவர்கள் தெலுங்குக்காரர்கள்.

பெரிய டாக்டரிடம் கேட்டேன். தாயின் வயிற்றில் இருக்கும்போது பிள்ளை மூச்சு விடுவதில்லை அல்லவா? அதனால் இருதயத்திலிருந்து போகும் இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே ஒரு சிறு குறுக்குக் குழாய் இருக்குமாம், ரத்தம் சுற்றிப் போவதற்கு. பிறந்து அழுததும் அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்கு மூடுவதில்லை. ரத்தம் வேண்டாத பக்கம் பாய்ந்துகொண்டே இருக்கும். உறுமுகிற சத்தம் அந்தப் பாய்ச்சல்தான். இருதயம் இரண்டு மடங்கு வேலை செய்து செய்து ஒருநாள் ஓய்ந்துபோகும்.

அந்தப் பிள்ளைக்கு விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து குழாயைக் கட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவள் என்னைப் பார்த்து இட்லி வேண்டும் என்றாள்.

பகவதியைக் கொண்டுவா. அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே, டாக்டர் சொன்னதாகச் சொல். டாக்டர் இன்னொன்றும் கேட்கிறார். நம் குடும்பத்தில் யார் யாருக்கு இது இருந்தது, எந்த வயதுவரை இருந்தார்கள் என்று தெரிந்தால் எழுதி அனுப்பு.

கோலப்பன்


பூதப்பாண்டி,
3-2-1954

கோலப்பா,

எட்டு வருஷம். மீனாட்சியின் பதினாறாம் நாளன்று கோவிலுக்குள் புகுந்து அம்மையின் உடுக்கையை எடுத்துப் படியில் அடித்து உடைத்தாயே, அதற்குப் பிறகு எட்டு வருஷம். செத்தோமா இருந்தோமா என்று ஒரு வரி கிடையாது. இப்போது மருமகள் மேல் திடீரென்று அன்பு பொத்துக்கொண்டு வருகிறது. தபால்காரர் ஐயப்பன் வீட்டு வாசலில் நின்று, 'உங்க தம்பி கையெழுத்துல்லா இது' என்று தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டுப் போனார். உன் அத்தானுக்கு மறைக்க முடியவில்லை. படித்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். வரமாட்டோம். அது குழாயுமில்லை கிழாயுமில்லை. நம் இசக்கியம்மை தனக்குப் பிடித்த பெண்ணுக்குள் வந்து இருக்கிறாள். எல்லார் வீட்டிலும் இருக்கிறாளா? தெலுங்குக்காரி வீட்டிலும் அவள் போய் இருந்தால் அது அவள் இஷ்டம். நீ ஆண்பிள்ளை. அவள் ஒருநாளும் உனக்குள் இருந்ததில்லை. உனக்கு என்ன தெரியும்?

உன் டாக்டர் கேட்டாரே, அதை மட்டும் எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பெருமை என்னவென்று அவரும் தெரிந்துகொள்ளட்டும். கொடைக்கு வில்லுப்பாட்டுப் பாடுகிற கணபதியப்பன் புலவரிடம் போய் உட்கார்ந்து, அம்மை வந்திருந்த பெண்களின் பேரை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். பாட்டில் வயது வராது, வருஷத்துக்கு ஒன்றாக ஒவ்வொருத்தியும் எத்தனை கொடை கண்டாள் என்றுதான் வரும். ஒரு வயது நிறைந்து தொட்டுப் பார்க்கிற கொடைதான் முதல் கொடை என்பதால் ஒன்று கூட்டினால் அவள் இருந்த வயது. பூமாலை பதினெட்டு கொடை கண்டாள். தங்கம்மை இருபத்திரண்டு. வள்ளியம்மை பதினொன்று. செல்லம்மை இருபது. அம்மாளு பதினேழு. நாச்சியார் ஒன்பது. நம் மீனாட்சி பத்தொன்பது.

எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். பாட்டில் ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவே குடம் அடிப்பார்கள், குலவை இடுவோம், அவள் அழகையும் நடையையும் அரைமணி நேரம் பாடுவார்கள். இப்படி அடுத்தடுத்து நான் கேட்டதே இல்லை. தாளில் இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது.

பகவதி ஒன்பது கொடை கண்டிருக்கிறாள்.

சரி, அதனால் என்ன? கூப்பிடுகிறவள் கூப்பிடத்தான் செய்வாள். இனி எழுதாதே.

உலகம்மை


வேலூர்,
19-2-1954

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் பெரிய டாக்டருக்கு வரிவரியாகப் படித்து இங்கிலீஷில் சொன்னேன். அவர் ஒரு பெரிய தாளை மேஜையில் விரித்து, நீ எழுதிய பெண்களை வட்டம் வட்டமாகப் போட்டுக் கோடு இழுத்தார். யார் யாருக்கு மகள், யார் யாருக்கு அத்தை என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முடிந்ததும் எழுந்து நின்று அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள், அவர் நகரவில்லை. ஒரு குடும்பத்தில் இது இறங்கி வருவதைக் காட்டப் புத்தகங்களில் தேடினாலும் இப்படி ஒன்று கிடைக்காது என்றார். "உங்கள் வீட்டுப் பெண்கள் ஸ்டெதாஸ்கோப் வருவதற்கு முன்பே உள்ளங்கையால் கண்டுபிடித்துப் பாட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், கோலப்பன். ஒரு பேர்கூடத் தவறவிடவில்லை" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இதைத்தானே நான் மூடத்தனம் என்று படியில் அடித்து உடைத்தேன்.

பிறகு அவர் பென்சிலால் தாளைத் தட்டி ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் பெண்கள். பையன்கள் எங்கே?"

அம்மை பெண்ணுக்குள்தான் வருவாள், அதனால் பெண்ணை மட்டும்தான் தொட்டுப் பார்ப்போம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

அக்கா, நம் சின்ன மாமா முப்பது வயதில் இளைப்பில் போனாரே, அவர் நெஞ்சில் யாராவது கைவைத்துப் பார்த்தார்களா? இன்னொன்று. சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன்? தாடகைமலைப் பக்கம் எல்லாரும் ஏறும்போது நான் என்ன செய்வேன்? உனக்கு நினைவிருந்தால் உடனே எழுது. காரணம் கேட்காதே.

கோலப்பன்


பூதப்பாண்டி,
10-3-1954

கோலப்பா,

காரணம் கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க நான் என்ன உன் பெண்டாட்டியா? உனக்கு அப்படி ஒருத்தி இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது, அதையும் எழுது.

சின்ன மாமாவை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஆண்களை எதற்குத் தொட? நீயா? நீ சோம்பேறி. பாதி மலையில் கல்லில் குத்தவைத்துவிடுவாய். உதடு நாவல்பழம் தின்றவன் மாதிரி இருக்கும். 'ஏலே, கொள்ளி, ஏறி வாலே' என்று கத்துவோம், நீ சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாய். வயலில் கட்டுச் சுமக்கச் சொன்னால் வரப்பிலேயே படுத்துக்கொள்வாய். அப்பா உன்னை அதற்காக எத்தனை தடவை அடித்தார். படிக்கிற பிள்ளை, உடம்பு வணங்காது என்று அம்மாதான் நடுவில் வந்து விழுவாள்.

ஏன் கேட்டாய்?

இங்கே பகவதிக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல். சாயந்தரம் ஏறும், காலையில் இறங்கும். வைத்தியர் லேகியம் கொடுத்தார், பத்தியம் சொன்னார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பர்லாங்கு நடப்பதற்குள் மூன்று இடத்தில் நிற்கிறாள். நேற்று என்னிடம், "அம்மா, அம்மை உள்ள இருந்து ஆடுகாளா? கொஞ்சம் மெதுவா ஆடச் சொல்லேன்" என்றாள்.

எனக்கு இது ஐந்தாம் மாதம். பத்து வருஷத்துக்குப் பிறகு. உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

பதில் உடனே போடு.

உலகம்மை


வேலூர்,
11-4-1954

அக்கா,

பென்சிலால் எழுதுகிறேன். படுத்துக்கொண்டு எழுதுவதால் வரிகள் சரிந்து போகின்றன. பயப்படாதே. பயப்பட வேண்டிய நாள் தாண்டிவிட்டது.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பெரிய டாக்டர் என் சட்டையைக் கழற்றச் சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, என் கையை எடுத்து என் நெஞ்சின் மேலேயே வைத்தார். ஆறு வருஷமாக அடுத்தவர் நெஞ்சைப் படம் பிடித்தவன் நான். என் நெஞ்சை ஒருநாளும் தொட்டதில்லை. இருந்தது அக்கா. மீனாட்சிக்கு இருந்த அளவு இல்லை, ஆனால் அதேதான். இருபத்தொன்பது வருஷம் எனக்குள் இருந்திருக்கிறது.

நீ எழுதினாயே, எனக்குள் அவள் இருந்ததில்லை என்று. அந்த வரியை நான் பல தடவை படித்தேன்.

மார்ச் 29-ஆம் தேதி என்னை அறுத்தார்கள். இடது அக்குளுக்குக் கீழே தொடங்கி முதுகுவரை தையல் போட்டிருக்கிறது. உன்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. நூறு பேரில் சிலர் எழுந்திருப்பதில்லை என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். உனக்கு ஒரு கடிதம் எழுதி, ஆபரேஷன் அறை நர்ஸ் ஓமனாவிடம் கொடுத்துவைத்தேன், நான் எழுந்திருக்காவிட்டால் தபாலில் போடும்படி. நேற்று அவள் அதைத் திருப்பிக் கொடுத்தாள். கிழித்துவிட்டேன். கேட்டாயே, பெண்டாட்டி இல்லை.

உனக்காகத்தான் செய்தேன் என்று சொன்னால் பொய். பயத்தில்தான் செய்தேன். ஆனால் மேஜையில் ஏற்றுகிற நேரத்தில், நான் எழுந்துவிட்டால் அக்காள் நம்புவாள் என்ற நினைப்பும் வந்தது.

ஒன்று சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே இடது பக்கம் சாய்ந்து படுத்தால் காதுக்குள் ஓர் இரைச்சல் கேட்கும். பழையாறுதான் ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். வேலூர் வந்த பிறகும் கேட்டது, இங்கே ஆற்றில் தண்ணீரே இல்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் கேட்கும் என்று இருந்தேன். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது முதலில் வலி தெரியவில்லை. ஆறு நின்றுபோயிருந்தது. உலகம் இவ்வளவு அமைதியானதா அக்கா? நீங்கள் எல்லாரும் இந்த அமைதிக்குள்தான் இத்தனை நாளும் இருந்தீர்களா? நான் அழுதேன். தையல் பிடுங்கிவிடும் என்று ஓமனா திட்டினாள்.

பகவதிக்கு வருகிற காய்ச்சல் அந்தக் குழாயில் கிருமி தங்கியதால் இருக்கலாம் என்கிறார் டாக்டர். பென்சிலின் ஊசியால் முதலில் அதைத் தணித்துவிட்டுத்தான் கட்ட முடியும். தாமதிக்கக்கூடாது. மீனாட்சிக்கும் கடைசியில் இதே காய்ச்சல்தான் வந்தது, உனக்கு நினைவிருக்கும்.

அத்தானிடம் சொல். மடை திறந்து கிடக்கிறது, அடைக்க வேண்டும். அவ்வளவுதான்.

கோலப்பன்


பூதப்பாண்டி,
29-4-1954

படுபாவி,

செத்திருந்தால்? நீ செத்துப்போயிருந்தால், உனக்குள்ளும் இருந்தது என்று எவளோ ஒரு நர்ஸ் தபாலில் போட்டு நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? உன்னைக் கொள்ளி, சோம்பேறி என்று கூப்பிட்டேனே. பாதி மலையில் உட்கார்ந்தவனைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தேனே. உன் நெஞ்சில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கை வைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமே. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. வாயும் வயிறுமாக இருக்கிறவள் என்றுகூட நினைக்காமல் இப்படி எழுதுவாயா?

உன் அத்தான் கடிதத்தை வாங்கிப் படித்தார். இந்தத் தடவை வயலுக்குப் போகவில்லை. கடைசி வரியைத் திரும்பவும் படித்தார். "மடை அடைபடாமக் கெடக்கு. அதாக்கும் காரியம், இல்லியா?" என்றார். பிறகு பகவதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மேல வயலுக்குப் போக வேண்டிய தண்ணி எல்லாம் ஓடையில போச்சுன்னா பயிரு எப்படிப் பிடிக்கும்? பத்து வருசமா இதத் தெரியாமலா இருந்தோம்?" என்றார். அவருக்குத் தண்ணீர் விஷயம் என்றால் விளக்கம் வேண்டாம்.

நேற்று முன்தினம் கொடை. உச்சிக்கொடைக்குப் பகவதியை அவர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார், நடக்க முடியவில்லை. பத்தாவது கொடை. புலவர் பாடிக்கொண்டிருந்தார். நாச்சியார் ஒன்பது கொடை கண்டாள் என்ற இடம் வந்தபோது என்னால் குலவை இட முடியவில்லை. சுற்றி நின்ற பெண்கள் எல்லாம் இட்டார்கள். நான் அம்மை முன்னால் போய் நின்றேன். வாய்விட்டே கேட்டேன். "நீ உள்ள இருக்கியா, இல்ல அது வெறும் மடையா? எனக்குத் தெரியல்ல. உள்ளதான் இருக்கேன்னா, என் பிள்ளைய விட்டு வெளிய வந்து இரி. உனக்கு இந்த ஊர்ல இடமா இல்ல? நான் உன்னைய வெரட்டல்ல. கெஞ்சுகேன்." பூசாரி திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

எட்டாந்தேதி அவர் பகவதியைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறார். திருநெல்வேலியில் ரயில் ஏறி விழுப்புரத்தில் மாறி வருவார்கள். அவர் இதுவரை ரயிலில் ஏறியதில்லை, நீ ஸ்டேஷனில் நிற்க வேண்டும். நான் இந்த வயிற்றோடு வர முடியாது. அவர் உன்னோடு சரியாகப் பேசமாட்டார். நீ பேசு. அவள் பாயசம் கேட்பாள், கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேள்.

என் பிள்ளையை உன்னிடம் தருகிறேன். வேறொன்றும் எழுத வரவில்லை.

உலகம்மை


வேலூர்,
2-6-1954

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். பகவதி நன்றாக இருக்கிறாள். நடந்ததை முழுக்க எழுதச் சொல்லி அத்தான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆமாம், பேசுகிறார். ஸ்டேஷனில் இறங்கியதும் என் சட்டையைத் தூக்கித் தையலைப் பார்த்தார். "ரொம்ப வலிச்சுதாடே?" என்றார். எட்டு வருஷத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

பென்சிலின் பதினேழு நாள் போட்டு, காய்ச்சல் இறங்கி, 28-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். அத்தான் உட்காரவே இல்லை. கதவைப் பார்த்து நின்றார். நானும் நின்றேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்கு ஒவ்வொரு படியும் தெரியும், அதுதான் கொடுமை. அவருக்கு ஒன்றும் தெரியாது, அதனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே நடந்ததை ஓமனா சொன்னாள். அவள் கொல்லத்துக்காரி, மலையாளம் கலந்துதான் பேசுவாள், எவ்வளவு பெரிய ஆபரேஷனுக்கும் அசைய மாட்டாள். அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது முகமூடிக்கு மேலே கண் நனைந்திருந்தது. "குழாய் கண்டு பிடிச்சதும் டாக்டர் என்னை விளிச்சு, விரல் வைக்கான் சொன்னார். இவங்க வீட்டுப் பெண்ணுங்க கையால அறிஞ்சதை நீயும் அறிஞ்சுக்கோ என்னு. விரலுக்கு அடியில அது துடிச்சுட்டே இருந்தது. சின்னக் குழாய், என் சுண்டுவிரல் தண்டி கூட இல்ல. அப்புறம் டாக்டர் பட்டுநூல் சுற்றி மெல்ல முறுக்கினார். நின்னு போச்சு." என்றாள்.

மூன்று பட்டுநூல், அக்கா. ஏழு பெண்களைக் கொண்டுபோனது, சின்ன மாமாவையும் சேர்த்தால் எட்டுப் பேரைக் கொண்டுபோனது, மூன்று நூலில் நின்றுபோனது. நான் தினமும் இந்த ஆஸ்பத்திரியில் நடமாடுகிறவன், இருந்தும் கை கூப்பினேன். யாரைப் பார்த்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நான்காம் நாள் கட்டுக்கு மேல் கை வைக்கலாம் என்று அனுமதித்தார்கள். நான் அத்தானைத் தொடச் சொன்னேன். அது பெண்கள் காரியம், நான் இதுவரை தொட்டதில்லை என்றார். பிறகு மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பகவதியின் காறை எலும்புக்குக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். "ஒண்ணும் இல்லடே" என்றார். பிறகு மறுபடியும், "ஒண்ணுமே இல்லடே கோலப்பா" என்றார். பகவதி, "கை கனக்கு அப்பா, எடு" என்றாள்.

பாயசம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கோலப்பன்


பூதப்பாண்டி,
20-8-1954

தம்பி கோலப்பா,

பையன் பிறந்திருக்கிறான், ஆடி மாதம் ஆறாம் தேதி. நானும் பிள்ளையும் சுகம். குமாரதாஸ் என்று பேர் வைத்திருக்கிறோம்.

பகவதி வந்து இறங்கிய அன்று பஸ்ஸிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்தாள். ஓடி, கேட்டியா? மேலத்தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. எனக்கு முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்காமல், "அம்மா, ரயில்ல சன்னல் பக்கம் நான்தான் இருந்தேன்" என்றாள்.

நான் அவள் நெஞ்சில் கை வைத்தேன். உனக்கு மட்டும் சொல்கிறேன். சந்தோஷப்பட வேண்டியவள் நான், ஓவென்று அழுதுவிட்டேன். பத்து வருஷம் அவளைத் தூங்கவைக்கும்போதெல்லாம் என் உள்ளங்கைக்குக் கீழே அது இருந்தது. இப்போது கை சும்மா கிடக்கிறது. யாரோ வீட்டில் இருந்து போய்விட்ட மாதிரி இருந்தது. தெருவில் பேசுகிறார்கள், அம்மை அந்த வீட்டை விட்டு இறங்கிவிட்டாள், இனி என்னென்ன வருமோ என்று. என் காதுபடவே பேசுகிறார்கள். பகவதி கிணற்றில் தண்ணீர் இறைக்கிறாள், அதைப் பார்த்துக்கொண்டு பேசட்டும்.

நீ எப்போது வருவாய்? அத்தான் உனக்காகப் பலாமரத்தில் ஒரு பழத்தை விட்டுவைத்திருக்கிறார்.

உலகம்மை


வேலூர்,
14-3-1956

அக்கா,

இந்தக் கொடைக்கும் லீவு கிடைக்கவில்லை. இப்போது மாதம் நான்கைந்து பேர் இதே ஆபரேஷனுக்கு வருகிறார்கள், படம் எடுக்க ஆள் போதவில்லை. போன வருஷம் வந்தபோது சாப்பிட்ட பலாப்பழத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பார்சலில் ஓர் உடுக்கை அனுப்பியிருக்கிறேன். காஞ்சிபுரத்தில் செய்யச் சொல்லி வாங்கியது. கோவிலில் ஏற்றுக்கொள்வார்களோ என்னவோ. உடைத்தவன் வாங்கித் தந்தது என்று சொல்லியே கொடு.

இன்னொன்று கேட்க வேண்டும், நாலு நாளாக எழுதி எழுதி அடிக்கிறேன். குமாரதாஸுக்கு ஒரு வயது நிறைந்து வருகிற முதல் கொடை இது. ஆண்பிள்ளை என்று விட்டுவிடாதே. கை வை. என்ன இருந்தாலும் எழுது.

கோலப்பன்


பூதப்பாண்டி,
26-4-1956

தம்பி,

நீ சொல்லித்தான் கை வைப்பேன் என்று நினைத்தாயா? அவன் பிறந்த அன்றைக்கே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு தினமும். ஆனாலும் கொடையன்று அம்மை முன்னால், எல்லாரும் பார்க்க, அவனை மடியில் போட்டுச் சட்டையை அவிழ்த்தேன். "என்ன உலகம்மே, ஆம்பளப் பிள்ளையவா தொட்டுப் பாக்கே?" என்று ஒருத்தி கேட்டாள். "ஆமாக்கும். என் தம்பிய யாரும் பாக்கல்ல, அதனாலாக்கும்" என்றேன். குமாரதாஸுக்கு ஒன்றுமில்லை. என் விரலைப் பிடித்துக் கடித்தான், அவ்வளவுதான்.

கையை எடுத்து நிமிர்ந்தால் முன்னால் இன்னொருத்தி பிள்ளையோடு நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. நம் வகையறாப் பெண்கள் எல்லாம் மகன்களை இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். அம்மை இறங்கிவிட்டாள் என்று பேசினார்களே, அவர்களேதான். பதினோரு பையன்களைத் தொட்டேன். பத்துப் பேர் சுத்தம். பதினோராவது திருவட்டாறில் கொடுத்திருக்கிறோமே நம் பெரிய மாமா மகள் அன்னக்கிளி, அவள் மகன். ஐந்து வயது. நடந்தால் குத்தவைக்கிறான் என்று அவளும் அடிப்பாளாம். கை வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவளைப் பார்த்தேன், அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஐயோ என்று உட்கார்ந்துவிட்டாள். "ஏட்டி, அழாத. இது என் தம்பிக்கு இருந்தது. என் மகளுக்கு இருந்தது. அங்க கெணத்தடியில நிக்கால்லா, பாரு" என்றேன். வைகாசி பத்தாம் தேதி அவர்கள் புறப்படுகிறார்கள். அத்தான் கூட வருகிறார், இப்போது அவருக்கு விழுப்புரம் எல்லாம் உள்ளூர் மாதிரி. நீ ஸ்டேஷனில் நில்.

உன் உடுக்கையைப் பூசாரி வாங்கிக்கொண்டார். யார் தந்தது என்று சொல்லியே கொடுத்தேன். நன்றாகப் பேசுகிறது. வெளியே வந்து இரி என்று கேட்டேனே, வந்துவிட்டாள் என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீ சிரிக்காதே.

பாட்டு முடிகிற நேரத்தில் கணபதியப்பன் புலவர் வில்லை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். மீனாட்சிக்குப் பிறகு பகவதியையும் பாட்டில் சேர்க்க வேண்டும், அம்மை இருந்து இறங்கிய பெண் அல்லவா என்றார். சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அடியை வாய்க்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "எத்தன கொடை கண்டான்னு போட உலகம்மே?" என்று கேட்டார்.

பந்தலுக்கு வெளியே பகவதி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அன்னக்கிளி மகனுக்குத் தன் தையல் தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"எண்ணிக்கைய இப்பப் போடாதியும் புலவரே. அவ கண்டுகிட்டு இருக்கா" என்றேன்.

உலகம்மை